யாக்கோபு, சந்தியாகு, ஜேம்ஸ், யாகூப்: ஒரே பெயர் வந்த வழிகள்

தமிழ் பைபிளையும் ஆங்கில பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஓர் இடத்தில் குழப்பம் வரும். தமிழில், பழைய ஏற்பாட்டு ஈசாக்கின் மகன் யாக்கோபு. புதிய ஏற்பாட்டில் மீன்பிடிப் படகையும் அப்பாவையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன செபெதேயுவின் மகனும் யாக்கோபு. நிருபம் எழுதியவரும் யாக்கோபுதான். ஆங்கிலத்திலோ முதல் ஆள் ஜேக்கப், மற்ற இருவரும் ஜேம்ஸ். ஏதோ இரண்டு வேறு பெயர்கள் போலத் தெரியும். உண்மையில் மூவருக்கும் ஒரே எபிரேயப் பெயர்தான். இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

உலகத்தில் ஒரு பெயர் இவ்வளவு வேஷம் போட்டது அபூர்வம். சந்தியாகு, யாகப்பர், ஜேம்ஸ், ஜேக்கப், சாக்கோ, யாகூப், ஜாக்குலின் என்று நம்மைச் சுற்றியிருக்கிற இத்தனை பெயர்களுக்கும் வேர் ஒன்றே. யாரிடம் எந்த வடிவம் இருக்கிறது என்று பார்த்தால், அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பெயர் எந்தக் கப்பலில், எந்த மொழி வழியாக வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் மூலக் கதை. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் ரெபெக்காளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. முதலில் ஏசா. அவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது பிள்ளை வெளியே வருகிறது. குதிகாலுக்கு எபிரேயத்தில் ‘அகேவ்’. அதனால் பிள்ளைக்குப் பெயர் ‘யாகோவ்’. வளர்ந்த பிறகு அண்ணன் பசியோடு வந்து நிற்கும்போது, பயற்றங்கூழைக் கொடுத்து மூத்த மகனுக்குரிய உரிமையை வாங்கிக்கொள்கிறான் தம்பி. அப்புறம் கண் மங்கிய தகப்பனிடம் அண்ணன் வேஷத்தில் போய் ஆசீர்வாதத்தையும் பெற்றுக்கொள்கிறான். 27ஆம் அதிகாரத்தில் ஏசா கதறுகிறான்: இவனுக்கு யாக்கோபு என்று பெயர் வைத்தது சரிதானே, இரண்டு தடவை என்னைக் கவிழ்த்துவிட்டானே! அதே வேர்ச்சொல்லுக்குக் காலை வாரிவிடுவது என்ற அர்த்தமும் உண்டு. தமிழ்ப் பிரசங்கங்களில் “யாக்கோபு என்றால் எத்தன்” என்று சொல்வதெல்லாம் இந்த வசனத்தை வைத்துத்தான்.

ஆனால் எந்தத் தாய் தகப்பன் பிள்ளைக்கு எத்தன் என்று பெயர் வைப்பார்கள்? மொழி ஆய்வாளர்கள் தரும் விளக்கம் வேறு. மெசபடோமியாவின் அமோரியர்களிடம் ‘யாகுப்-ஏல்’ போன்ற பெயர்கள் வழக்கத்தில் இருந்தன. கடவுள் காக்கட்டும் என்பது போன்ற அர்த்தம். பின்பாதி உதிர்ந்து ‘யாகுப்’ மட்டும் நின்றிருக்கலாம் என்பது பலருடைய கருத்து. எகிப்தை ஹிக்சோஸ் என்னும் அந்நியர்கள் ஆண்ட காலத்தில், அதாவது கிறிஸ்துவுக்கு 1,500 ஆண்டுகளுக்கும் முன்பு, யாகுப்-ஹர் என்ற பெயருடைய அரசன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் பொறித்த வண்டு வடிவ முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. அவன் பைபிளின் யாக்கோபு இல்லை. அந்தக் காலத்து மேற்காசியாவில் இப்படிப் பெயர் வைப்பது சாதாரணம் என்பதற்கு அவன் ஒரு சாட்சி, அவ்வளவுதான். குதிகால் கதை, ஏற்கெனவே வழக்கில் இருந்த பெயருக்கு வேதம் ஏற்றிய அர்த்தம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதனால் கதையின் மதிப்பு குறைவதில்லை. வேதம் தன் முன்னோரை நல்லவராக வெள்ளையடிக்காமல், பெயரிலேயே அவர் குறையைப் பொதிந்து வைத்திருக்கிறது. குலத்தின் மூதாதையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதிய இலக்கியம் பழங்காலத்தில் அதிகம் இல்லை.

அதே யாக்கோபுக்கு இன்னொரு பெயரும் கிடைக்கிறது. யாப்போக்கு ஆற்றங்கரையில் விடிய விடிய ஒருவரோடு போராடி, தொடைச்சந்து சுளுக்கி, ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போக விடேன் என்று பிடிவாதம் பிடித்துப் பெற்ற பெயர் அது: இஸ்ரவேல். ஒரு மக்களுக்கே பெயராகிப் போனது. 1938இல் நாஜி ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. யூத ஆண்கள் தங்கள் பெயரோடு ‘இஸ்ரவேல்’ என்பதையும், பெண்கள் ‘சாரா’ என்பதையும் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசு தனியாக வெளியிட்ட யூதப் பெயர்ப் பட்டியலில் உள்ள பெயர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் விலக்கு. ஆசீர்வாதமாகப் பெற்ற பெயரை ஆளை அடையாளம் காட்டும் முத்திரையாக மாற்றினார்கள். பெயரின் வரலாறு எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

எபிரேய வேதம் முழுவதிலும் யாக்கோபு என்று ஒரே ஓர் ஆள்தான். ஆபிரகாம், மோசே, தாவீது போலவே, மூதாதையின் பெயரை வேறு யாருக்கும் வைத்ததாக அங்கே இல்லை. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் யாக்கோபுகள் நிறைந்திருக்கிறார்கள். பாரசீகர், கிரேக்கர், ரோமர் என்று அந்நிய ஆட்சி மாறி மாறி வந்த இடைப்பட்ட நூற்றாண்டுகளில், யூதர்கள் தங்கள் முன்னோர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மாற்கு 6:3இல் நாசரேத்து ஊர்க்காரர்கள் இயேசுவின் சகோதரர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்கள்: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். யோசே என்பது யோசேப்பின் சுருக்கம். ஆதியாகமத்தின் யாக்கோபையும் அவருடைய மூன்று மகன்களையும் அப்படியே ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருக்கிறது. இயேசு என்பதே யோசுவாதான். மரியாள் என்பது மோசேயின் அக்கா மிரியாம். அந்தத் தச்சன் வீட்டில் எந்தப் பெயரைத் தொட்டாலும் இஸ்ரவேலின் பழைய கதை வருகிறது.

இதில் இன்னொன்று. மத்தேயு முதல் அதிகாரத்து வம்சவரலாற்றின்படி யோசேப்பின் தகப்பனார் பெயரும் யாக்கோபு. லூக்கா வேறு பெயர் தருகிறார், அது தனி விவாதம். மத்தேயுவை வைத்துப் பார்த்தால், தாத்தா யாக்கோபு, பேரன் யாக்கோபு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வழக்கம் இல்லையே! இயேசுவின் சகோதரர்கள் என்றால் மரியாள் பெற்ற பிள்ளைகளா, யோசேப்பின் முந்தைய மனைவியின் பிள்ளைகளா, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. முதலிரண்டில் எதை ஏற்றாலும் இந்தத் தாத்தா-பேரன் உறவு நிற்கிறது. ஆங்கில பைபிள் படிப்பவர் கண்ணில் இது படவே படாது. அங்கே தாத்தா ஜேக்கப், பேரன் ஜேம்ஸ்.

சரி, இந்தப் பிளவு எங்கே தொடங்கியது? கிரேக்கத்தில். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பழைய முன்னோரை ‘யாகோப்’ என்று எபிரேய ஓசையிலேயே, வேற்றுமை உருபு ஏற்காத அந்நியச் சொல்லாக விட்டுவிட்டார்கள். தங்கள் காலத்து ஆட்களுக்கு ‘யாகோபோஸ்’ என்று கிரேக்க வால் ஒட்டினார்கள். லத்தீனில் இது ‘யாகோபுஸ்’ ஆனது. பேச்சு லத்தீனில் இரண்டும் உதட்டு ஒலிகள் என்பதால் ப-வுக்குப் பதில் ம வந்து ‘யாகோமுஸ்’ என்றும் வழங்கியது. இந்த ம-கரக் கிளையில்தான் இத்தாலியின் ஜாக்கொமோ, ஸ்பெயினின் ஹைமே, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் ஜேம்ஸ் எல்லாம் முளைத்தன. ப-கரம் தங்கிய கிளையில் ஜேக்கப்.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர் தன் பெயரை பைபிளில் நுழைத்துவிட்டார் என்று ஒரு கதை அடிக்கடி பகிரப்படுகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் ஆதரவில் நடந்தது உண்மை. ஆனால் அதற்கு 85 ஆண்டுகள் முன்பே, 1526இல் அச்சான டிண்டேலின் புதிய ஏற்பாட்டில் ஜேம்ஸ் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. மன்னர் பிறக்கும் முன்பே அந்தப் பெயர் ஆங்கில பைபிளில் வேர் பிடித்துவிட்டது. தயவுசெய்து இந்தக் கதையை நம்பிப் பரப்பாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் இந்தப் பெயருக்கு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த துண்டு. அங்குள்ள கேலிக் மொழியில் ஜேம்ஸ் என்பது ‘ஷேமஸ்’. ஆளைக் கூப்பிடும்போது அது ‘ஹேமிஷ்’ என்று ஒலிக்கும். நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை, விளி. கண்ணன் என்பவரைக் கண்ணா என்று கூப்பிடுவதைக் கேட்ட வெளியூர்க்காரர் அவர் பெயரே கண்ணா என்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஆங்கிலம் பேசியவர்கள் அதையேதான் செய்தார்கள். இன்று ஹேமிஷ் என்பது பிறப்புச் சான்றிதழில் எழுதப்படும் தனிப் பெயர்.

இனி நம் கடற்கரைக்கு வந்த வழி. செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது அகிரிப்பா வாளால் வெட்டிக் கொன்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் உடல் ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்குக் கொண்டுவரப்பட்டது என்ற நம்பிக்கையில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்லறைக் கோயில் எழும்பியது. அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா. ‘சந்த்’ என்றால் புனிதர், ‘யாகோ’ என்றால் யாக்கோபு; இரண்டும் ஒட்டிச் சந்தியாகோ. கலிலேயாவின் மீனவர், முஸ்லிம் அரசுகளோடு நடந்த நெடுங்காலப் போரில் வெள்ளைக் குதிரையில் வாளோடு வரும் படைவீரராக மாறிப்போனார். போர் முழக்கமே ‘சந்தியாகோ!’ என்றானது. வலை இழுத்த மனிதருக்கு இப்படி ஓர் உருவம் கொடுத்தது எனக்கு வருத்தமான விஷயம்தான். ஆனால் அந்தக் குதிரை வீரராகத்தான் அவர் கடல் கடந்தார். 1515இல் கியூபாவில், 1541இல் சிலியில் என்று அவர் பெயரில் நகரங்கள் எழும்பின. போர்ச்சுகீசியர்கள் அவரை நம் பக்கம் கொண்டுவந்தார்கள்.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் பெருந்தொகையாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். பெயர்கள் போர்ச்சுகீசிய வாயிலிருந்து நேராகத் தமிழ் வாய்க்கு வந்தன. சந்தியாகோ, சந்தியாகு ஆனார். மரியாதை சேர்ந்து சந்தியாகப்பர் ஆனார். புனிதர் என்ற அடைமொழி பெயருக்குள்ளேயே கரைந்துவிட்டதால், ‘புனித சந்தியாகப்பர்’ என்று நாம் சொல்லும்போது புனிதரை இரண்டு தடவை சொல்கிறோம். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் அவருக்கு உள்ள கோயிலின் ஜூலைத் திருவிழாவுக்குக் கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. குதிரைமேல் வாளேந்திய சாமி தமிழ்நாட்டுக் கிராமத்தானுக்கு அந்நியமான உருவமே இல்லை. ஊர் எல்லையில் அய்யனாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் சந்தியாகப்பரை எளிதாக ஏற்றுக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

யாழ்ப்பாணத்தில் இதைவிட அழகான தடயம் இருக்கிறது. கிளாலியில், கடல்நீரேரிக் கரையில் உள்ள கோயிலில் அவரைச் சந்தியோகுமையோர் என்கிறார்கள். முதல் தடவை கேட்பவருக்கு ஏதோ செந்தமிழ்ச் சொல் போலப் படும். பன்னிரண்டு சீடர்களில் இரண்டு யாக்கோபுகள் உண்டு. செபெதேயுவின் மகனைப் பெரியவர் என்றும், அல்பேயுவின் மகனைச் சின்னவர் என்றும் சபை பிரித்துச் சொல்லும். பெரியவர் என்பதற்கான போர்ச்சுகீசியச் சொல் ‘மாயோர்’. சந்தியாகோ மாயோர், சந்தியோகுமையோர். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் இவர் பேரில் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடியது 1647இல். யாழ்ப்பாணம் போர்ச்சுகீசியர் கையிலிருந்து ஒல்லாந்தருக்குப் போக இன்னும் 11 ஆண்டுகள் இருந்த காலம். பிறகு வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். ஆட்சி போனது, மொழி போனது. ‘மையோர்’ மட்டும் இன்றுவரை ஜெபங்களில் இருக்கிறது.

கேரளத்துக்கு இந்தப் பெயர் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அங்குள்ள பழைய கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி சிரியாக். அதன் ‘யாகோப்’ மலையாள நாவில் சாக்கோ ஆனது. நடிகர் குஞ்சாக்கோ போபனின் பெயரில் இருப்பது அவருடைய தாத்தா பெயர். ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவை நிறுவிய குஞ்சாக்கோ அவர். அதாவது, குட்டி யாக்கோபு. தாத்தா பெயர் பேரனுக்கு என்ற நாசரேத்து வழக்கம் இங்கேயும். யாக்கோபாயா சபை என்ற பெயர் வந்தது மட்டும் பைபிள் யாக்கோபிடமிருந்து இல்லை, 6ஆம் நூற்றாண்டின் சிரிய ஆயர் யாக்கோபு பரதேயுவிடமிருந்து.

அரபு வழியில் வந்த வடிவம் யாகூப். குர்ஆனில் நபி யாகூப் எத்தன் இல்லை. மகன் யூசுப்பைப் பிரிந்து அழுது கண்கள் வெளுத்துப்போன தகப்பன். 12ஆம் அத்தியாயத்தில், மகனின் சட்டையை முகத்தில் போட்டதும் அவருக்குப் பார்வை திரும்புகிறது. அழகிய பொறுமை என்று அவர் சொல்லும் சொல்லே அந்தப் பெயரின் அர்த்தம் போல முஸ்லிம் குடும்பங்களில் நிலைத்துவிட்டது. தமிழ்ச் சித்தர் மரபிலும் இந்தப் பெயர் நுழைந்திருக்கிறது. இராமதேவர் மக்கா போய் இஸ்லாம் தழுவி யாக்கோபு ஆனார் என்பது அந்த மரபு. யாகோபு பெயரில் வைத்திய நூல்கள் வழங்கிவருவது சித்த மருத்துவம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

பிரிட்டிஷார் காலத்தில் வந்தவை ஜேம்ஸும் ஜேக்கப்பும். புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் வேதம் வாசிக்கும்போது யாக்கோபு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜேம்ஸ் என்று ஒரு பழக்கம் ஏற்பட்டது. கத்தோலிக்கர்கள் வேதத்தில் வெகுகாலம் யாகப்பர் என்றே படித்தார்கள். 1995இல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துக்குப் பிறகுதான் யாக்கோபு எல்லாருக்கும் பொதுவானது. பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் ஜாக்குலின், பிரெஞ்சு ழாக்கின் பெண்பால். ழாக் என்பதும் யாக்கோபுதான்.

அமெரிக்காவில் இந்தப் பெயரின் இன்றைய நிலவரம் எண்களாகவே இருக்கிறது. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பிறந்த குழந்தைகளின் பெயர்களைக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆண் குழந்தைகளில் 1940 முதல் 1952 வரை ஜேம்ஸ் முதலிடம். 1999 முதல் 2012 வரை 14 ஆண்டுகள் ஜேக்கப் முதலிடம். ஓர் இளம்பருவக் காதல் நாவலின் பாத்திரத்தால்தான் ஜேக்கப் பிரபலமானது என்பார்கள். அந்த நாவல் வந்ததே 2005இல், அப்போது ஜேக்கப் ஆறு வருடமாக உச்சியில் இருந்தது. ஜனாதிபதிகளிலும் ஜேம்ஸ்கள் ஆறு பேர்: மேடிசன், மன்றோ, போல்க், புக்கானன், கார்ஃபீல்ட், அப்புறம் ஜிம்மி என்றே அறியப்பட்ட கார்ட்டர். ஜேம்ஸ், ஜேக்கப், சந்தியாகோ, டியாகோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பட்டியலின் தோற்றமே வேறாகிவிடும். ஆனால் அரசு கணக்கெடுப்பது எழுத்தை, வேரை அல்ல.

டியாகோவைச் சொன்னதால் ஒன்று. சந்தியாகோவைத் தவறாகப் பிரித்து, ‘சான்’ தனி, ‘தியாகோ’ தனி என்று கொண்டதில் பிறந்த பெயர் அது என்பது பரவலான விளக்கம்; அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. 2016இல் டாடா நிறுவனம் ஜிகா என்று பெயர் வைத்திருந்த தன் புதிய காருக்கு, ஜிகா வைரஸ் செய்திகள் பரவியதும் அவசரமாகப் பெயரை மாற்றி டியாகோ என்று வைத்தது. குதிரை ஏறி வந்தவர் இப்போது நம் தெருக்களில் நாலு சக்கரத்தில் போகிறார்.

நம் பக்கத்தில் இளைய தலைமுறைக்குச் சந்தியாகு என்று பெயர் வைப்பது அருகிவருகிறது. பழைய பெயர், கிராமத்துப் பெயர் என்ற கூச்சம் காரணம் என்று நினைக்கிறேன். ஜேக்கப் என்றால் நாகரிகம், சந்தியாகு என்றால் பழமை என்பது ஆங்கிலக் காலம் நமக்குள் போட்டுவிட்டுப் போன கணக்கு. சிலி நாட்டுத் தலைநகரின் பெயரும் நம் கடலோரத்துத் தாத்தாவின் பெயரும் ஒன்றே என்று தெரிந்த பிள்ளை அந்தப் பெயருக்காகக் கூச்சப்படாது. பிள்ளைக்குப் பெயர் தேடுகிற கடலோரக் குடும்பங்கள் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்கள் குடும்பத்து வேர்களைத் தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். பழைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருந்தால் சந்தியாகு என்று தேடிப் பயனில்லை, யாகோபுஸ் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதே ஆள் பத்திரத்தில் சந்தியாகு, சம்பளப் பட்டியலில் ஜேம்ஸ் என்று இருக்கலாம். மூன்று ஆட்கள் என்று எண்ணி ஏமாந்துவிட வேண்டாம். பிறந்த தேதியையும் கவனியுங்கள். திருநாளை ஒட்டிப் பெயர் வைக்கும் வழக்கம் கத்தோலிக்கரிடம் வலுவாக இருந்தது. ஜூலை 25ஐ ஒட்டி என்றால் பெரிய யாகப்பர். சின்ன யாகப்பருக்கு இப்போது மே 3. 1955க்கு முன்பிருந்த பதிவேடுகள் என்றால் மே 1ஐப் பாருங்கள்.